பசுவின் மேல் மட்டும் ஏன் பழி?

ஈனாத மாட்டுக்கு நம்முடைய கொட்டகைகளில் ஒரே பெயர்தான் உண்டு. மலட்டு மாடு! அந்தப் பெயர் ஒரு தடவை விழுந்துவிட்டால், பிறகு அந்த மாட்டுக்குத் தவிடும் இல்லை, புண்ணாக்கும் இல்லை, கழுத்தைத் தடவிக் கொடுக்கிற கையும் இல்லை. ஒருநாள் லோரி வந்து நிற்கும். மாடு ஏறிப் போய்விடும்.

கிள்ளானுக்கு அப்பால், ஒரு செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் குடியிருக்கும் வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் காலமான பிறகு இரண்டு கறவை மாடுகள்தாம் அவருக்குத் துணை. மூத்த பசு இரண்டு ஈத்து நன்றாகக் கன்று போட்டதாம். மூன்றாம் ஈத்துக்கு நான்கு தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. "இனிமே இது தேறாது அண்ணி, கறிக்காரன்கிட்டே தள்ளிவிட்டுடுங்க" என்கிறாராம் கொழுந்தனார். அம்மாவுக்கு மனம் வரவில்லை. கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "நாலு தடவையும் குறை மாட்டிலேதானா ஐயா? ஊசியிலே குறை இருக்கவே இருக்காதா?"

நல்ல கேள்வி. படித்தவர்களே கேட்கத் தவறும் கேள்வி. முதலில் அவருடைய பசுவுக்கு வேண்டிய பதிலைச் சொல்லிவிட்டு, ஊசிக்குள் இருக்கும் சங்கதிக்கு வருகிறேன்.

சினை நிற்காமல் போவதற்குக் காரணங்கள் பல. அவற்றில் பெரும்பாலானவை சாதாரணமானவை. பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். இரண்டு மூன்று நாள் முன்னே பின்னே இருக்கலாம். வந்த பருவம் ஒரு நாள்கூட நீடிக்காது. நம் வெயில் நாட்டில் அது இன்னும் சுருங்கும். பாதிக்கு மேல் இரவிலே நடந்து முடிந்துவிடும். நாம் காலையில் எழுந்து பார்க்கும்போது மாடு ஒன்றும் நடக்காதது போல் அசை போட்டுக்கொண்டிருக்கும். காலையில் மாடு கத்தினால் அன்று மாலையும், மாலையில் கத்தினால் மறுநாள் காலையும் ஊசி போடுவது என்பது பழைய கணக்கு. அந்தக் கணக்கு தவறினால் எந்த ஊசியும் பலிக்காது. ஊசி போடுகிறவர் மாலை வேலையை மறுநாள் மத்தியானத்துக்குத் தள்ளிப் போட்டால் அது பசுவின் குற்றமா? அடுத்தது தீனி. கறக்கிற மாடு இளைத்துப் போயிருந்தால் அதன் உடம்பு பாலுக்குத்தான் சத்தை அனுப்பும்; கருவுக்கு மிச்சம் இராது. கருப்பையில் சீழ் இருந்தாலும் நிற்காது. ஆகவே அந்த அம்மா முதலில் கால்நடை மருத்துவரைக் கொண்டு பசுவைக் கைவிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டு கன்று போட்ட பசு மலட்டுப் பிறவியாக இருக்க முடியாது என்பதையும் கொழுந்தனாரிடம் சொல்லலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நிற்கவில்லை என்றால்? அப்போதுதான் காளையைப் பற்றிக் கேட்க வேண்டும். நம் வழக்கத்தில் காளையை யாரும் கேட்பதில்லை. கொம்பு அழகாக இருக்கிறதா, திமில் உயர்ந்திருக்கிறதா, பார்த்தவுடன் பயம் வருகிறதா, அவ்வளவுதான் பரீட்சை. தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை வரிசையாக இருந்த காலத்தில் பத்து வீட்டுப் பசுக்களுக்கு ஒரு காளைதான். பத்துப் பசுவில் ஆறு நின்று நான்கு நிற்காவிட்டால், அந்த நான்கு வீட்டு அம்மாக்களும் தங்கள் தலையெழுத்தைத்தான் நொந்துகொண்டார்கள்.

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நூல் என்று சொன்னார்களே, அது பொருத்தமான சொல். உயிருள்ள எந்த உடம்பிலும், ஒவ்வோர் அணுவுக்குள்ளும், கண்ணுக்குத் தெரியாத நூல்கள் இருக்கின்றன. அவற்றைக் குரோமோசோம் என்பார்கள். நிறம், உயரம், பால், குணம் எல்லாவற்றுக்கும் உரிய குறிப்புகள் அந்த நூலில் பாசிமணி கோத்ததுபோல் வரிசையாக இருக்கும். மாட்டுக்கு 60 நூல். அதாவது 30 ஜோடி. ஜோடிக்கு ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தகப்பனிடமிருந்து. நம் நாட்டுக் கெடா கிளந்தான் மாட்டுக்கும் 60, வெள்ளைக்காரன் கொண்டுவந்த பிரீசியனுக்கும் 60, பஞ்சாபிலிருந்து வந்த சாகிவாலுக்கும் 60. அதனால்தான் பிரீசியனையும் சாகிவாலையும் கலந்து மாஃப்ரிவால் என்ற மலேசியக் கறவை இனத்தை உருவாக்கியபோது எண்ணிக்கையில் எந்தச் சிக்கலும் வரவில்லை. ஆட்டைப் பாருங்கள். வெள்ளாட்டுக்கு 60, செம்மறிக்கு 54. குதிரைக்கு 64, கழுதைக்கு 62; இரண்டும் சேர்ந்து பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. ஒற்றைப்படை! அது ஈனுவதில்லை என்பது ஊரறிந்த விஷயம்.

மனிதனுக்கு எத்தனை? 46. இதைச் சரியாக எண்ணிச் சொல்ல 1956ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் பாடப் புத்தகங்களில் 48 என்றே இருந்தது. சரியாக எண்ணியவர் நமக்கு அடுத்த வீட்டுக்காரர். ஜாவாவில் பிறந்த சீனரான தியோ என்பவர், சுவீடனில் லெவான் என்ற அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் இருந்து அதைக் கண்டார். நுண்ணோக்கியில் நூல்களை எண்ணும் வித்தை அங்கே அப்படி வளர்ந்தது. மாட்டின் கதையும் அதே சுவீடனில்தான் தொடங்குகிறது.

1964இல் இங்கெமார் குஸ்தாவ்சன் என்ற ஆய்வாளர், இரத்தப் புற்று கண்ட மாடுகளின் அணுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாடுகளில் நூல் எண்ணிக்கை 60 இல்லை, 59தான் இருந்தது. ஆனால் ஒரு நூல் மட்டும் வழக்கத்துக்கு மாறாகப் பெரியதாக இருந்தது. முதலாம் எண் நூலும் 29ஆம் எண் நூலும் முனையோடு முனை ஒட்டிக்கொண்டு ஒரே நூலாகியிருந்தன. இது நோயினால் வந்ததோ என்று முதலில் எண்ணினார்கள். பிறகு பார்த்தால் நோயே இல்லாத மாடுகளிலும் அது இருக்கிறது! புற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது பரம்பரையாக வருவது.

இப்படி ஒட்டிப் போன மாடு எப்படி இருக்கும்? மற்ற மாட்டைப் போலவே இருக்கும். அதுதான் வம்பு. பாசிமணி ஒன்றுகூடக் குறையவில்லை; இரண்டு மாலைகளை முடிச்சுப் போட்டு ஒன்றாக்கியிருக்கிறது, அவ்வளவுதான். காளை கம்பீரமாக நிற்கும், பசு குடம் குடமாகக் கறக்கும். பங்கு பிரிக்கும்போதுதான் தகராறு.

விந்தோ கருமுட்டையோ உண்டாகும்போது ஜோடிகள் பிரிந்து பாதிப் பாதியாகப் போக வேண்டும். ஒட்டுநூல் உள்ள மாட்டில், ஒரு பக்கம் ஒட்டிய நூலும் மறுபக்கம் ஒட்டாத இரண்டு நூல்களும் போனால் கணக்கு சரி. பெரும்பாலும் அப்படித்தான் போகும். சில வேளைகளில் கை தவறிவிடும். ஒட்டிய நூலோடு 29ஆம் நூலும் சேர்ந்து ஒரு பக்கமே போய்விடும்; மறுபக்கம் அந்த 29 இல்லாமல் நிற்கும். அத்தகைய விந்தும் கருமுட்டையும் சேர்ந்து கரு உண்டாகும். ஆனால் ஒரு மாலை அதிகமாகவோ குறைவாகவோ இருப்பதால் அது வளராது. சில நாளில், சில வாரத்தில் கரைந்துவிடும். இரத்தம் வராது, வலி தெரியாது. சினைப்பட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் மாடு மறுபடி கத்தும். "நிக்கலே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம்.

குஸ்தாவ்சன் அந்நாட்டுச் செவ்வெள்ளை மாடுகளைப் பெருந்தொகையாகச் சோதித்து 1969இல் எழுதியபோது, நூற்றுக்கு 13, 14 மாடுகளில் இந்த ஒட்டுநூல் இருந்ததைக் காட்டினார். சினை பிடிப்பதில் ஏற்பட்ட இழப்பு நூற்றுக்கு ஐந்து, ஆறுதான். இவ்வளவுதானா என்று தோன்றும். நூறு ஊசியில் ஐந்து தவறினால் யாருக்குத் தெரியப் போகிறது? இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு ஆயுசுக்கும் தெரியாது. ஆனால் சினை ஊசிக் காளை ஒன்றின் விந்து வருசத்துக்கு ஆயிரக்கணக்கான பசுக்களுக்குப் போகிறது. அதன் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்த ஒட்டுநூல் சொத்தாகப் போகிறது. அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மறுபடியும். ஒட்டுநூல் கொண்ட பெண் மாடுகள் மற்றவற்றைவிட அதிகமாகச் சினை நிற்காமல் கழிக்கப்பட்டன என்பதையும் அந்த ஆய்வுகள் கண்டன. கழிக்கப்பட்ட ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு கொட்டகை இருந்திருக்கும், அந்தக் கொட்டகையில் ஒரு குடும்பம் இருந்திருக்கும். காளை மட்டும் பதக்கம் வாங்கிக்கொண்டு நிலையத்தில் நின்றது.

சுவீடன்காரர்கள் பிறகு ஒட்டுநூல் கொண்ட காளைகளைச் சினை ஊசி நிலையங்களிலிருந்து விலக்கினார்கள். அதன் பிறகு உலகில் தேடிப் பார்த்த நாடுகளில் பற்பல மாட்டினங்களில் இதே 1-29 ஒட்டு அகப்பட்டது. பிரான்சின் சாரோலே இனத்தில் உண்டு. பிரிட்டிஷ் வெள்ளை என்ற பழைய இனத்தில் பாதிக்கு மேற்பட்ட மாடுகளில் கண்டார்கள். கறுப்பு வெள்ளை பிரீசியனில் மிக அரிது. அது நமக்கு ஓர் ஆறுதல்.

சரி, இது சீமைக் கதை, நமக்கு என்ன என்று கேட்காதீர்கள். நம் கோலாலம்பூருக்குத் தெற்கே, செர்டாங்கில் நடந்த கதை ஒன்று இருக்கிறது. அது மாட்டுக் கதை அல்ல, எருமைக் கதை.

பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் கிள்ளானிலும் சைக்கிளில் பால் குவளை மாட்டிக்கொண்டு விடியுமுன் மணியடித்துப் போன நம் பால்காரர்களைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நம்மவரும் சீக்கியர்களும் மாட்டோடு முர்ரா எருமையையும் வளர்த்தார்கள். சுருள் கொம்பும் கரிய மேனியும் கொண்ட முர்ரா, இந்தியாவிலிருந்து பாலுக்காக வந்த இனம். தயிர் கெட்டியாக உறைய வேண்டுமென்றால் எருமைப் பால்தான் என்று வீட்டுக்கு வீடு சொல்வோமே! அதே வேளையில் கம்பத்து வயல்களில் உழுதுகொண்டிருந்தது வேறோர் எருமை. நீண்டு வளைந்த கொம்பு, சாம்பல் நிறம், சேற்றில் புரளும் சுகவாசி. மலாய்க்காரர் வீட்டுக் கெர்பாவ். அது உழைக்கும், கறிக்கு உதவும், ஆனால் பால் தன் கன்றுக்கே சரியாகப் போகும்.

இரண்டையும் கலந்தால் பாலும் உழைப்பும் ஒரே எருமையில் கிடைக்குமே என்ற ஆசை இயற்கையானது. கலந்தார்கள். கன்றுகள் பிறந்தன, நன்றாக வளர்ந்தன. ஆனால் நூலை எண்ணியபோது ஓர் ஆச்சரியம். 1960களின் பிற்பகுதியில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதை எழுதினார்கள்: முர்ராவுக்கு 50 நூல், சேற்று எருமைக்கு 48. இரண்டும் சேர்ந்த கன்றுக்கு 49! மறுபடியும் ஒற்றைப்படை.

செர்டாங்கில் 1971இல் விவசாயப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. 1997இல் அதற்குப் புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. 1980களின் தொடக்கத்தில் அங்கே கால்நடை மருத்துவப் பிரிவில் அரிஃப் போங்சோ என்ற ஆய்வாளர் இருந்தார். இலங்கையில் பிறந்து பேராதனையில் கால்நடை மருத்துவம் படித்தவர். அவரும் ஹில்மி என்ற உடன் ஆய்வாளரும் நம் நாட்டு எருமைகளின் நூல்களுக்குச் சாயமேற்றி, வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முர்ராவின் 4ஆம் நூலும் 9ஆம் நூலும் தலைமாடும் கால்மாடுமாக ஒட்டிக்கொண்டதே சேற்று எருமையின் முதலாம் பெரிய நூல் என்பது தெளிவாகியது. சுவீடன் காளையில் நடந்தது போன்ற ஒட்டுத்தான். அது எப்போதோ, மனிதன் எருமையைக் கட்டிப் பழகுவதற்கும் முன்னால் நடந்து, ஓர் இனம் முழுவதற்கும் நிலைத்துவிட்டது. இனம் முழுவதும் ஒரே மாதிரி இருந்தால் பங்கு பிரிப்பதில் தகராறு இல்லை. கலக்கும்போதுதான் வருகிறது.

1983இல் போங்சோவும் ஹில்மியும், கனடாவின் குவெல்ப் நகரப் பேராசிரியை பார்வதி பஸ்ரூரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த அம்மையார் இந்தியாவில் பிறந்து, கால்நடைகளின் குரோமோசோம் ஆராய்ச்சியில் உலகுக்கே முன்னோடியாக விளங்கியவர். கலப்பினக் கடாக்களின் விதையில் விந்து உருவாகும் இடத்தைப் பார்த்தபோது, பாதி வளர்ச்சியில் அழிந்து போகும் அணுக்களும் கோணலான அணுக்களும் மிகுந்திருந்தன என்று அவர்கள் கண்டார்கள். 49ஐப் பிரித்தால் 24 ஒரு பக்கம், 25 ஒரு பக்கம் என்று போனால்தான் பிழைப்பு. தவறிப் போனவை வீணாகின்றன.

இதைக் கேட்டுக் கலப்பெருமை எல்லாம் மலடு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கோவேறு கழுதை மாதிரி அல்ல இது. கலப்பெருமைகள் ஈனுகின்றன, பேரன் பேத்திகளும் பிறக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு 48, சிலவற்றுக்கு 49, சிலவற்றுக்கு 50 நூல் இருக்கும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்புத்தான்! பிலிப்பைன்ஸ் நாட்டில் சேற்று எருமையோடு முர்ராவைச் சேர்த்து ஏராளமாகக் கலப்பெருமை வளர்க்கிறார்கள், பாலும் கறக்கிறார்கள். செய்யக்கூடாதது ஒன்றுதான். 49 நூல் கொண்ட கலப்புக் கடாவை ஊருக்கெல்லாம் பொலிகடாவாக விடக்கூடாது. கலப்பெருமையைத் தொடர்ந்து தூய முர்ராக் கடாவுக்கே கட்டி வந்தால், சில தலைமுறையில் 50க்கு வந்து சேர்ந்துவிடும். பாலும் கூடும், சினையும் நிற்கும்.

போங்சோ பிறகு சிங்கப்பூருக்குப் போனார். அங்கே மனிதருக்குக் குழந்தைப்பேறு தரும் ஆய்வில் ஈடுபட்டு, 1994இல் மனிதக் கருவின் மூல அணுக்களைப் பிரித்து வளர்த்துக் காட்டி உலகப் புகழ் பெற்றார். எருமைக் கடாவை எண்ணிய கை அது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர்கள் இங்கே செய்த இன்னொரு வேலையும் சுவையானது. நம் காட்டில் திரியும் செலாடாங், அதாவது காட்டுமாடு, நாட்டுப் பசுவோடு சேர்ந்து போடும் கன்றுகளின் நூல்களையும் எண்ணினார்கள். மலாயாச் செலாடாங்குக்கு 56, பசுவுக்கு 60, கன்றுக்கு 58. செலாடாங்கிலும் ஒட்டிய நூல்கள் இருக்கின்றன. இந்தக் கலப்பில் பிறக்கும் கிடேரி ஈனும். காளையோ ஆளைப் பார்த்தால் யானை மாதிரி இருக்கும், ஆனால் பசுவைச் சினையாக்காது. உடம்பின் பலத்தைப் பார்த்துப் பொலிகாளை தேர்ந்தெடுக்கிறவர்கள் இந்தக் காளை ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

இனி நம் கொட்டகைக்கு வருவோம். காளையின் நூலை எப்படிப் பார்ப்பது? கண்ணால் பார்க்க முடியாது, கைவிட்டும் பார்க்க முடியாது. கழுத்து நரம்பில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, அதிலுள்ள வெள்ளை அணுக்களை ஆய்வுக்கூடத்தில் மூன்று நாள் போல வளர்த்து, அவை இரண்டாகப் பிரியும் தறுவாயில் மருந்திட்டு நிறுத்தி, கண்ணாடியில் பரப்பி எண்ணுவார்கள். ஒரு காளைக்கு ஆயுளில் ஒரே ஒரு தடவை செய்தால் போதும். நூல் வயசோடு மாறாது. இந்தியாவில் உறைவிந்து நிலையங்களுக்கான அரசாங்க விதிமுறையில், காளையைச் சேர்க்குமுன் இந்தச் சோதனையும் செய்யப்பட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நாலு வீட்டுக்குக் காளை விடுகிறவர் இதைச் செய்ய வேண்டுமா என்றால், செலவு கட்டாது. ஆனால் ஆயிரம் பசுவுக்குப் போகும் குச்சியை விற்கிறவர் செய்திருக்க வேண்டும். வாங்குகிறவர் கேட்க வேண்டும். "இந்தக் காளைக்குக் குரோமோசோம் பார்த்திருக்கிறதா?" என்று கேட்டால் கால்நடை இலாகா அதிகாரி கோபித்துக்கொள்ளப் போவதில்லை. நம் தோட்டத்துப் பிள்ளையிடமிருந்து இந்தக் கேள்வி வருகிறதே என்று ஆச்சரியப்படக்கூடும். படட்டும்.

கேட்பதற்கு நம்மிடம் ஆதாரம் வேண்டும். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். மாடு கத்திய நாள், நேரம், ஊசி போட்ட நேரம், குச்சியின் மேல் அச்சிட்டிருக்கும் காளை எண். ஊசி போட்டதும் காலிக் குச்சியை வீசிவிடாமல் வாங்கி, அந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். மாடு திரும்பக் கத்திய நாளையும் எழுதுங்கள். 21ஆம் நாள் கத்தினால் ஒரு பொருள். 30, 35, 40 என்று தாறுமாறான நாளில் கத்தினால் வேறு பொருள். பின்னது, கரு பிடித்துப் பிறகு அழிந்திருக்கலாம் என்பதற்கு அடையாளம். பொதுக்காளைக்கு விட்ட பசுக்களில் இது நடந்தால், காளை மூலம் பரவும் கருப்பை நோய்களும் காரணமாகலாம். அதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். ஒரே காளை எண்ணைப் போட்ட அக்கம்பக்கத்துப் பசுக்கள் நாலைந்தும் இப்படித் தாறுமாறாகத் திரும்பினால், நான்கு வீட்டு நோட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஒரு பசு சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். நாலு பசு சேர்ந்து சொன்னால் கேட்டே ஆக வேண்டும்.

கிள்ளான் அம்மாவுக்கும் இதுவே. மருத்துவர் பார்த்துப் பசுவின் கருப்பை சுத்தம் என்று சொல்லிவிட்டால், அடுத்த ஊசிக்கு வேறு காளையின் குச்சியைக் கேளுங்கள். நேரத்தைக் கவனித்துப் போடுங்கள். ஒட்டுநூல்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. நூறு காரணத்தில் அது ஒன்று. ஆனால் காளையை மாற்றிப் பார்க்காமல் பசுவை விற்பது நியாயமல்ல.

எழுதிக்கொண்டு வரும்போது ஒன்று உறுத்துகிறது. மலடு என்ற அந்தச் சொல்லை மாட்டுக்கு மட்டுமா நாம் சொல்கிறோம்? கரு தங்காத மருமகளுக்கும் அதே சொல்தான் காத்திருக்கிறது. மனிதரிலும் இப்படி இரு நூல்கள் ஒட்டி, 46க்குப் பதில் 45 நூலோடு நல்ல சுகமாக நடமாடுகிறவர் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவர் உண்டு. அவர் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். அடிக்கடி கரு கலையும் தம்பதிகளில் சிலருக்கு இது காரணம். அதனால்தான் அப்படிப்பட்டவர்கள் பெரிய மருத்துவமனைக்குப் போனால் கணவன், மனைவி இருவருடைய இரத்தத்தையும் எடுக்கிறார்கள். மருமகளை மட்டும் அனுப்பிவிட்டு மகனை வீட்டில் உட்கார வைத்துக்கொள்ளும் மாமியார்கள் இந்த வரிகளை இரண்டு தடவை படிக்கலாம்.

இரட்டைக் கன்று பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள்; இதே நூல் விவகாரம் என்பதால் சொல்லிவிடுகிறேன். பசு இரட்டையாகப் போட்டு, ஒன்று காளைக்கன்று, ஒன்று கிடேரி என்றால் வீட்டில் ஒரே கொண்டாட்டம். அந்தக் கிடேரி பெரும்பாலும் ஈனாது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஈனாது. வயிற்றுக்குள் இருக்கும்போதே இரண்டு கன்றுகளின் இரத்தக் குழாய்களும் ஒன்றாகிவிடுவதால், காளைக்கன்றின் அணுக்களும் சுரப்புகளும் கிடேரிக்குள் போய் அதன் கருப்பையை வளரவிடாமல் செய்கின்றன. அந்தக் கிடேரியின் இரத்தத்தை எடுத்து நூலைப் பார்த்தால் ஆண் நூல், பெண் நூல் இரண்டுமே தெரியும். இது பரம்பரைக் குறை அல்ல. தாய்ப் பசுவின் மேல் பழி வேண்டாம், அடுத்த ஈத்தில் அது ஒற்றைக் கிடேரி போட்டால் அந்தக் கிடேரி நன்றாகவே ஈனும். இரட்டையில் பிறந்த கிடேரியை ஒரு மாதக் கன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் காட்டுங்கள். மழுங்கிய குழாய் ஒன்றைப் பிறப்பு வழியில் மெல்லச் செலுத்தி ஆழம் பார்ப்பார். வழக்கமான ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போகிறதென்றால் அது ஈனாத கிடேரி. இரண்டு வருசம் தீனி போட்டு, நாலு ஊசி போட்டு, அப்புறம் கண்ணீர் விடுவதைவிட இது மேல். இரட்டை இரண்டும் கிடேரியாக இருந்தால் கவலையே இல்லை, இரண்டுக்கும் இப்போதே பெயர் வைத்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் கன்றுகளுக்கு வரும் கழிச்சலைப் பற்றி மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். அது அடுத்த இதழில்.